பாவாடையில் தைத்த பாஸ்போர்ட்

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா எங்கள் அத்தையைக் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஆரணியில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் பெண் அத்தைதான். பள்ளிக்கூடத்தில் என் பீற்றல் யாருக்கும் தாங்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள், மாமா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கே வந்து எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் அத்தைக்குச் சொன்னார்.

“காலைல அஞ்சு மணிக்கு டிபன் ரெடியா இருக்கணும். ஓட்டல் சோறு எனக்கு ஆவாது. என்னக் கேக்காம வெளிய போவக் கூடாது. ஊருக்கு போன் பண்றதுன்னாலும் நான் இருக்கறப்பதான்.”

ஒவ்வொன்றுக்கும் அத்தை “சரிங்க” என்றாள். அப்பா பூரித்துப் போனார். இவ்வளவு பொறுப்பான மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்!

“உன் பாஸ்போர்ட்ட எடுத்தா. அது எங்கிட்டதான் இருக்கணும்.”

என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்த அத்தை கதவைச் சாத்திக்கொண்டு, என்னை ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாள். சாதா நூல் இல்லை. எங்கள் வீட்டுத் தறியில் பாவு ஓட்டி மிஞ்சிய பட்டு நூல், இரண்டு இழை முறுக்கியது. உள்பாவாடையில் இடுப்போரமாக ஒரு பை இருந்தது. பாஸ்போர்ட்டை அதற்குள் வைத்து வாயைத் தைத்து, தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள். இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது. அந்தப் பாவாடையையே கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“எங்க?” என்றார் மாமா.

“உள்பாவாடைல வெச்சித் தெச்சி கட்டிக்கினேங்க. கூட்டத்துல எவனாச்சும் அடிச்சிக்கினு போயிட்டா?”

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எதிரே அப்பா, அம்மா. அவிழ்த்துக் கொடு என்று எப்படிக் கேட்பார்?

“ஏர்போர்ட்ல கேப்பாங்களே, அப்ப இன்னா பண்ணுவ?”

“பாத்ரூம் இருக்குமில்லங்க. பல்லால கடிச்சி நானே பிரிச்சிக்கிறேன். அப்புறம் நானே தெச்சிக்கிறேன்.”

“தறிக்காரி பல்லுங்க மாப்ள, கத்திரி தோத்துடும்” என்று அப்பா சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாமா சிரிக்கவில்லை. “சரி, அங்க போயி குடுத்துடு.”

இதற்கு மட்டும் அத்தை “சரிங்க” சொல்லவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கையசைத்துவிட்டு நேராகப் பள்ளிக்கு ஓடினேன். எங்கள் அத்தையிடம் எந்த ஊர்த் திருடனும் ஒன்றும் எடுக்க முடியாது, நூல் கோர்த்துக் கொடுத்ததே நான்தான் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். அத்தை அப்படித் தைத்தது திருடனுக்குப் பயந்துதான் என்று அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன்.