பேன் கடிதமும் பனி நாய்களும்

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இத்தாலியின் பலேர்மோவில், பள்ளிக்கூடம் அனுப்பும் இத்தாலியக் கடிதங்களை அப்பா அம்மாவுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலை. வகுப்பில் பேன் பரவுகிறது, பிள்ளைகளின் தலையைப் பாருங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. நான் வேறு மாதிரி வாசித்தேன்.

“வடக்கிலை, பனிமலையிலை நாய்கள் வண்டி இழுக்கிற போட்டியாம். குடும்பமாய்ப் போய்ப் பாத்து, கட்டாயம் கட்டுரை எழுதவேணுமாம்.”

போனில் அந்த நாய்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் அப்பா ஒருநாளும் லீவு எடுத்ததில்லை.

“பள்ளிக்கூடம் சொன்னால் போகத்தானே வேணும்,” என்று இந்தமுறை லீவு எடுத்தார்.

புறப்படும் முன் அம்மா என்னை இருத்தி, பேன் சீப்பால் வாரு வாரென்று வாரினார். நான் எதையும் யோசிக்கவில்லை.

பனியில் நாய்கள் பாய்ந்தன. தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் அப்பா, “ஓடு, ஓடு!” என்று கத்திச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அம்மா, அந்தக் கடிதம்…”

“பேன் கடிதம்தானே? நான் வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராட்டைக் காட்டினனான். அண்டைக்கே வாசிச்சுச் சொன்னவா.”

“அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னால் லீவு எடுத்திருப்பாரோ?”

அப்பாடா என்று அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டேன்.

கட்டுரை எங்கே என்று அப்பா இன்றும் கேட்கிறார். இதுதான், அப்பா. யாரும் வாசித்துச் சொல்லத் தேவையில்லாமல் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.