நிலவறைப் படியில் நூர்ந்த மெழுகுதிரி

இன்று மதியம் சுவிஸின் லவோவில், ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு பழைய வைன் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். நிலவறையைக் காட்டியவர் அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர்.

வாசற்கல்லில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன.

"பிள்ளை, இவை ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அந்தக் காலத்து முதலாளிமார். ஒருத்தர் கீழ விழுந்திட்டார். மற்றவர் தூக்கப் போனவர். ரெண்டு பேரும் திரும்பி வரேல்லை."

இது திராட்சைச் சாறு நொதிக்கும் காலம். மூச்சை அடைக்கும் மணமில்லாத வாயு தரையோடு தேங்கி நிற்குமாம். அதனால் மெழுகுதிரியைத் தாழப் பிடித்தபடி இறங்குவது அங்கே பழைய வழக்கம். திரியையும் தீப்பெட்டியையும் என்னிடம் தந்தார்.

நான்காவது படியில் சுடர் அணைந்தது. காற்றே இல்லை. யாரோ விரலால் கிள்ளியதுபோல் இருந்தது. கீழே இருட்டில் சாறு குமிழ்விடும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் சாமி விளக்கு நூர்ந்தால் உடனே ஏற்றிவிடுவோம். அந்தப் பழக்கத்தில், திரியைப் படியில் வைத்துக் கொளுத்தக் குனிந்தேன்.

"குனியாதை பிள்ளை! மேல ஏறு!"

என் கோட்டைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்த பிறகும் தலை சுற்றியது.

பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ, நூர்ந்ததை அப்பிடியே விட்டிட்டோ வந்தனி?"

உங்கள் அம்மாக்கள் முதலில் எதைக் கேட்டிருப்பார்கள்?