பெரியப்பாவுக்குப் பேச்சு வரவில்லை

அந்த நர்சிங் கல்லூரியின் இரண்டாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்து அறையில், பெரியப்பா படுத்திருந்தார். படுத்து ஆறு வருஷமாகிறது. வழுக்கைத் தலை, எப்போதும் பாதி திறந்திருக்கும் வாய், ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகிப்போன ரப்பர் கை. ஆனால் மூச்சு விடுவார். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயம் துடிக்கிற சத்தம் கேட்கும். பக்கத்து அறையில் பொத்தானை அழுத்தினால் நாடி ஏறும், இறங்கும், வேண்டுமென்றால் நின்றும் போகும். அந்தப் பொம்மைக்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் மாணவிகள் பெரியப்பா என்று உறவு கொண்டாடிவிட்டார்கள்.

அவரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. பொம்மை டீச்சர். நேருக்கு நேர் யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது கல்லூரிக்கே தெரிந்த விஷயம்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் பத்தொன்பது வருஷம் ஆண்கள் வார்டில் நர்ஸாக ஓடியவள். ஒருநாள் கட்டிலிலிருந்து சரிந்து விழப்போன கனத்த மனிதர் ஒருவரைத் தாங்கிப் பிடித்தாள். அவர் பிழைத்தார், அவள் இடுப்பு போயிற்று. இனிமேல் ஆள் தூக்குகிற வேலையே ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் அப்போதுதான் சிமுலேஷன் லேப் திறந்திருந்தார்கள். நோயாளிமேல் கை வைக்குமுன் பொம்மைமேல் பழகட்டும் என்பது ஏற்பாடு. அவளை அங்கே தள்ளினார்கள். உயிருள்ளவங்களோட மல்லுக்கட்டினது போதாதா, இனி ரப்பரோட வேறயா என்று வீட்டில் ஒரு வாரம் புலம்பினாள். அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ரப்பர் திருப்பித் திட்டாதே, அது ஒரு லாபம்தானே என்றார். அன்று அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் ஒரே மாதத்தில் அவள் அந்த வேலைக்கு அடிமையாகிவிட்டாள். காரணம் மைக். பக்கத்து அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் அதில் பேசினால் பெரியப்பாவின் வாய் வழியாக வரும். பத்தொன்பது வருஷம் பார்த்த அத்தனை நோயாளிகளும் அவள் தொண்டைக்குள் இருந்தார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவர், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறவர், நீ புதுசா, பழைய நர்ஸைக் கூப்பிடு என்று அதட்டுகிறவர். முதல் வருஷப் பெண்கள் வெலவெலத்துப் போவார்கள். ஒருமுறை ஒருத்தி, உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று கடமைக்குக் கேட்டுவிட்டு ஊசியை நீட்டினாள். ஆமாம்மா, போன வருஷம் ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கிப்போச்சு என்றார் பெரியப்பா. அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் தொடையைத் தட்டிச் சிரித்தாள். இனி ஜென்மத்துக்கும் இவள் பதில் வராமல் ஊசியைத் தொடமாட்டாள் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் பெரியப்பா, எனக்கு நெஞ்சு, என்று ஆரம்பித்துக் கரகரவென்று இழுத்து நின்றுபோனார். அதோடு சரி.

பெரியப்பாவின் பேச்சைச் சரிசெய்து தரச் சொல்லி டீச்சர் முதல்வருக்குக் கடிதம் எழுதினாள். முதல்வர் நல்ல மனிதர், கத்தமாட்டார், மறுக்கமாட்டார், பார்க்கலாம்மா என்பார். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாவது கடிதத்துக்குக் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். பெரியப்பாவின் கழுத்தைத் திறந்தான், உள்ளே டார்ச் அடித்தான், பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிக் கழுத்தை மூடிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று கடிதங்கள் போயின. ஏழாவது கடிதத்தை வாங்கியபோது அலுவலக குமாஸ்தா, தேதியை மட்டும் மாத்தினா போதுமே மேடம், எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதிக் கைவலி என்றார். அவள் பார்த்த பார்வையில் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வகுப்பில் அவளே கட்டில் ஓரம் நின்று பெரியப்பாவுக்காகக் கத்திச் சமாளித்தாள். பரீட்சையில் அது நடக்காது. ஊசி போடும் பரீட்சைக்குப் பத்து நிமிஷம், இருபத்தாறு படிகள் கொண்ட ஒரு தாள். டீச்சர் அந்தத் தாளையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டும். வாயைத் திறந்தால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஒன்பதாவது படியில் 'ஒவ்வாமை பற்றிக் கேட்டாள்' என்று அச்சடித்திருக்கும். கேட்டால் ஒரு டிக். பதில் என்ன, அதைக் காதில் வாங்கினாளா என்பதற்கெல்லாம் தாளில் கட்டமே கிடையாது. ஊமைப் பொம்மையிடம் கேட்டு, ஊமைப் பொம்மையிடம் பதிலை எதிர்பார்க்க முடியுமா? பெண்களும் கெட்டிக்காரிகள். உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா, சரி, கையை நீட்டுங்க என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கப் பழகிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் டிக் போடுவாள். வேறென்ன செய்ய?

ஒருத்திக்கு மட்டும் அது வரவில்லை. அவளை எல்லோரும் ஆமை என்பார்கள். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். கேள்வியைக் கேட்பாள், கேட்டுவிட்டுப் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இதோ பேசப்போறாரு பாருடி என்பாள் ஒருத்தி. இப்படி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, பத்து நிமிஷம் முடியும்போது ஆமை பதினெட்டாவது படியில் இருப்பாள். இரண்டு முறை தவறிவிட்டாள். மூன்றாவது முறையும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். அம்மா அப்பா இல்லாத பெண். வளர்த்து ஆளாக்கிய அக்கா கல்லூரி வாசலில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வாரம், வகுப்பு முடிந்த பிறகு, இடுப்பு வலியோடு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு நின்றாள். நிற்கிற இடமெல்லாம் விரட்டினாள், தட்டினாள், கெஞ்சினாள். கடைசி நாள் ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி. பரீட்சையில் அதைவிடக் குறைவு. ஆமை பாஸ். அன்று வீட்டுக்குப் போன டீச்சர், கேட்காமலே கணவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். என்ன, பெரியப்பாவுக்குத் தொண்டை சரியாயிடுச்சா என்றார் அவர்.

இரண்டு மாதம் கழித்து ஆமையை ஆண்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எட்டாம் கட்டிலில் ஒரு தையல்காரர், காலில் சீழ் வைத்துப் படுத்திருந்தார். முந்தின நாள் அவசரத்தில் சேர்த்தபோது ஒவ்வாமை என்ற இடத்தை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். மூத்த நர்ஸ் ஒருத்தி பக்கத்துக் கட்டிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஆமை ஊசியோடு போனாள். உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று கேட்டாள். அழகாக, தெளிவாகக் கேட்டாள். சரி, கையை நீட்டுங்க. தையல்காரர் கையை நீட்டிக்கொண்டே, போன தடவை ஒரு ஊசியில, என்று ஆரம்பித்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் பாதி மருந்து உள்ளே போய்விட்டது.

முகம் வீங்கி மூச்சு அடைத்தது. மூத்த நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார், மாற்று மருந்து போட்டு இழுத்துப் பிடித்தார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்த மனிதர் பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பொண்ணு நல்லாத்தான் கேட்டுச்சு, நான் சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அது அடுத்த வேலைக்குப் போயிடுச்சு.

செய்தி மாடிக்கு வந்தபோது டீச்சர் முதலில் அந்த மனிதர் பிழைப்பாரா என்றுதான் கேட்டாள். பிழைத்துக்கொள்வார் என்றதும் ஆத்திரம் வந்தது. விசாரணை என்றார்கள், பெண்ணின் பெயரை நீக்கப்போகிறார்கள் என்றார்கள். பெண்ணை நீக்குவார்களாம். பத்து மாதமாகப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தவரை என்ன செய்வார்களாம்? கழுத்தை மூடிவிட்டு ஓடிப்போனவனை? கேட்டதற்கு டிக் போடச் சொன்ன தாளை எழுதிய மகராசனை? ஏழு கடிதங்களின் நகலையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

முதல்வர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர், ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், ஒரு டாக்டர். ஆமை சுவரோரம் நின்றாள். தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. டீச்சர் கோப்பை மேசைமேல் வைத்தாள், வைத்த சத்தம் கொஞ்சம் அதிகம்தான். மைக்கைச் சொன்னாள், கடிதங்களைச் சொன்னாள், கம்பெனி ஆளைச் சொன்னாள், ஒன்பதாவது படியைச் சொன்னாள். ஊமைகிட்ட கேள்வி கேட்கப் பழக்கிவிட்டு, ஏன் பதிலைக் கேட்கலைன்னு இப்ப கேட்டா எப்படி என்றாள். தலைமை நர்ஸ் ஆமோதித்தாற்போல் இருந்தது. முதல்வர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா வார்டுல படுத்திருந்தது பொம்மை இல்லையே" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் முதல்வர் பரீட்சைத் தாளை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். இருபத்தாறு டிக், அடியில் டீச்சரின் கையெழுத்து. கல்லூரி சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது, பெண்தான் கவனக்குறைவாக நடந்துகொண்டாள் என்று அதற்கு அர்த்தம். பிறகு முதல்வர் அந்தப் பெண்ணைப் பார்த்து, நீ ஏதாவது சொல்லணுமாம்மா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். முடிவு அதில் டைப் அடித்துத் தயாராக இருந்தது. வாசிக்க ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் டீச்சர். "கேட்டீங்கல்ல? அவ இன்னும் பதில் சொல்லல."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். ஆமை ஆமைதான், வாயைத் திறக்க நேரமாயிற்று. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லுடி, இந்த மைக்கைச் சொல்லு, இவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லு என்று டீச்சர் உள்ளுக்குள் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

"முன்னெல்லாம் நான் நிப்பேன் சார்" என்றாள் அந்தப் பெண். "பதில் வர்ற வரைக்கும் முகத்தையே பார்த்துட்டு நிப்பேன். அதனாலதான் ரெண்டு தடவ ஃபெயிலானேன். டீச்சர்தான் தினமும் சாயங்காலம் கூடவே இருந்து, அவரு பேச மாட்டாரு, கேட்டியா, போயிட்டே இருன்னு சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கத்த விட வச்சாங்க. அவங்க இல்லன்னா நான் பாஸாகியிருக்கவே மாட்டேன். அவங்கள ஒண்ணும் சொல்லிடாதீங்க சார்."

குறை சொல்லவில்லை அவள். நன்றி சொன்னாள். அதுதான் டீச்சரைக் கொன்றது. பத்து மாதமாக யார் யாரையோ வரிசையாக நிறுத்தி வைத்துச் சபித்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் தன்னை நிறுத்த அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்லூரி முழுக்க நிற்கத் தெரிந்த ஒரே ஒருத்தி இருந்தாள், அவளையும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட ஓட விரட்டியது தான்தான் என்று அவமானமாக இருந்தது.

முதல்வர் பேனாவை மூடினார். பொண்ணு பதட்டத்துல ஏதோ பேசுது, இதையெல்லாம் பதிவு பண்ண வேணாம் என்று மெதுவாகச் சொன்னார். டீச்சரைக் காப்பாற்றத்தான் சொன்னார். பதிவாகாவிட்டால் டீச்சரின் வேலை தப்பும், பெண் வெளியே போவாள்.

"எழுதுங்க சார்" என்றாள் டீச்சர். "அவ சொன்னது சொன்னபடியே எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினார்கள். போட்டாள். ஒரு மணி நேரம் மூன்று பேரும் பேசி, பெண் கல்லூரியில் இருக்கலாம், வார்டில் மூத்த நர்ஸின் கண்பார்வையில் மறுபடி மூன்று மாதம் பழகவேண்டும் என்றார்கள். டீச்சரை அடுத்த உத்தரவு வரும்வரை லேபுக்குள் போகவேண்டாம் என்றார்கள். மைக்கைப் பற்றி என்ன முடிவு என்று அவள் கேட்டாள். பார்க்கலாம்மா என்றார் முதல்வர்.

வெளியே வந்தபோது கோப்பை எங்கே வைத்தோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. வராந்தாவில் ஆமை அவள் பின்னாலேயே வந்தாள்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?"

டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, பெண்கள் இருவரையும் இடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள். அந்தப் பெண் நகரவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா" என்றாள் டீச்சர் கடைசியில். "நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."