நன்றாக இருக்கிறவனுக்கு விலக்கு இல்லை

என் தம்பியிடம் யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ஒரே பதில்தான். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்." காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதும் அதே பதில். லிப்ட் பழுது பார்க்கிறவன் அவன். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவில் தானே மாட்டிக்கொண்டு, போனில் பதறிய முதலாளியிடமும் இதையே சொன்னான். அன்றிலிருந்து கம்பெனியில் அவனுக்கு 'நல்லாருக்கேன்' என்றே பேர். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற சுபாவம் அவனுக்கு. அந்தச் சுபாவம்தான் அவன் குடும்பத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவன் மனைவி, கல்யாணத்துக்கு முன்னால், விசா முடிந்த பிறகும் சில வருஷம் இந்த நாட்டில் தங்கி வேலை பார்த்தவள். அப்பா சாகக் கிடக்கிறார் என்று தகவல் வந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள். திரும்பி வரப் பார்த்தபோது விசா அதிகாரிகள் பழையதைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் உள்ளே வரக் கூடாது! தம்பி இந்த நாட்டுக் குடிமகன் என்பதால் ஒரே ஒரு வழி இருந்தது. அவள் இல்லாமல் அவன் தாங்க முடியாத கஷ்டப்படுகிறான் என்று காட்டினால், தடையிலிருந்து அவளுக்கு விலக்கு தருவார்கள்.

கஷ்டத்துக்கா பஞ்சம்? அவள் போனதிலிருந்து அவனுக்குத் தூக்கமே கிடையாது. வேலையில் கண் செருகுகிறது என்று, லிப்ட் குழிக்குள் இறக்குவதை நிறுத்தி, ஸ்டோரில் திருகாணி எண்ண உட்கார்த்திவிட்டார்கள். இதில் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தினமும் அவளோடு வீடியோவில் பேசுவதற்கென்றே ஹாலில் ஒரு மூலையைத் துடைத்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரின தலையுமாகப் புது மாப்பிள்ளை மாதிரி உட்காருவான்.

முதல் விசாரணையில் அதிகாரி கேட்டபோது மனைவியும் லைனில் இருந்தாள். அதனால் சமாளித்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தான். விலக்கு இல்லை என்று வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு சாத்து சாத்தியிருப்பேன். டாக்டர் சீட்டையோ கம்பெனிக் கடிதத்தையோ கொடுக்கவும் விடவில்லை. நகல் அவளுக்குப் போய்விடுமாம். அவன் கேஸைப் பார்த்த வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி, அதுவும் போனால் பத்து வருஷம் பிரிந்து இருக்க வேண்டியதுதான் என்றார்.

"அவளே அங்க ஒண்டியா கிடக்கா. இதையெல்லாம் எப்படிக்கா அவகிட்ட சொல்றது?" என்றான் பாவி.

மேல்முறையீட்டு விசாரணையும் வீடியோவில்தான், வீட்டிலிருந்தே. அதே மூலை, அதே சட்டை. திரையில் ஒரு பக்கம் அதிகாரி, இன்னொரு பக்கம் அவள். வக்கீலம்மாவும் நானும் அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். எப்படி இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். இந்த மடையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 'நல்லா' என்று ஆரம்பித்தான். தொடையில் கிள்ளினேன்.

அதற்குள் அவள் பேசினாள். "இத்தனை நாளா அந்த மூலையை மட்டும்தான் காட்டுறீங்க. போனைத் திருப்புங்க."

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"திருப்புங்கன்னு சொல்றேன்ல."

மெதுவாகத் திருப்பினான். துவைக்காத துணிக் குவியல், அடிப்பிடித்த பாத்திரங்கள், பிரிக்காத மாத்திரை அட்டைகள். திறந்திருந்த படுக்கையறையில், அவள் கிளம்பின அவசரத்தில் கட்டில்மேல் எறிந்துவிட்டுப் போன உடைகள் போட்டது போட்டபடி கிடந்தன. அவன் படுத்தது வாசல் கதவோரம், ஒரு போர்வையில். அதிகாரி குனிந்து எழுதினார்.

"இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"நல்லா இல்லம்மா," என்றான். "நீ இல்லாம ஒண்ணுமே நல்லா இல்ல."

நரை விழுந்த ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அடக்க முடியவில்லை. ஒளித்து வைத்திருந்த டாக்டர் சீட்டையெல்லாம் வக்கீலம்மா அன்றே வாங்கிக்கொண்டு போனார்.

விலக்கு கிடைத்தது, அவளும் வந்துவிட்டாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்படிடா இருக்கே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன், பிடித்துக்கொண்டான். முதுகு ஒடிகிறதாம். மறுபடியும் குழிக்குள் இறக்கிப் பிராணனை வாங்குகிறார்களாம். சாப்பாட்டில் உப்பே இருப்பதில்லையாம். கட்டிலில் முக்கால்வாசியை அவளே வளைத்துக்கொள்கிறாளாம். அவள் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தாள். காது வலிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போனவன், நன்றாக இருக்கிறான்.