விக்டோரியா மேட்ரன் பார்த்த இரண்டு விடுதிகள்

ரங்கூனில் மிஷன் பெண்கள் போர்டிங்கின் மேட்ரனாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் விக்டோரியா. கணவன் இளமையிலேயே போய்விட்டான், பிள்ளை இல்லை. ஓய்வுபெற்ற பின் தங்கை மகள் மரியபுஷ்பத்தின் வீட்டில் இருந்தாள். 1926-இல் மழைக்காலம் முடிந்த கையோடு, அந்தப் பெண்ணின் புருஷனுக்கு மாந்தலேக்கு மாற்றலாகிவிட்டது.

"நீங்களும் வந்துருங்க பெரியம்மா," என்று மரியபுஷ்பம் கெஞ்சினாள்.

"மாந்தலேயில எனக்கு யாரைத் தெரியும்? இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு நான் தலைசீவி விட்ட பொண்ணு ஒருத்தி இருக்கா. வயசானவங்களை வச்சுப் பார்த்துக்கிற விடுதி ஒண்ணு பார்த்துச் சேர்த்து விட்டுட்டுப் போ."

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் கனவான்கள் சிலர் சேர்ந்து நடத்திய வயோதிகர் விடுதி ஒன்று இருந்தது. முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, இருவரும் டிராமில் போனார்கள். மாடிக் கட்டடம், முகம் தெரியும்படி மெழுகித் துடைத்த தேக்குத் தளம். கட்டில்களில் வெள்ளை விரிப்பு. மரியபுஷ்பம் வாயைப் பிளந்தாள். விக்டோரியாவோ விரிப்பின் மடிப்புத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் வரும் நாட்களில் போர்டிங்கில் அப்படி எடுத்து விரித்த கை அவளுடையது. ஆனால் இன்ஸ்பெக்டரின் வண்டி வாசலைத் தாண்டினால் போதும், போர்டிங் பெண்கள் கூச்சலால் கூரையைப் பெயர்த்துவிடுவார்கள்! முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டை அரைக்கும் கல்லுக்கு ஒரு சண்டை, குளியல் தொட்டிக்கு ஒரு சண்டை, நடுவில் ஆர்மோனியத்தை யாராவது அலறவிடுவார்கள். "சத்தம் போடாதீங்கடி!" என்று தொண்டை வற்றக் கத்திய காலம் அது. இங்கே கத்த வேண்டிய அவசியமே இல்லை. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

வரிசையின் கோடியில் இருந்த முகத்தைக் கண்டு விக்டோரியா திடுக்கிட்டாள். "ஜெயம்மா! நீயா?"

போர்டிங் சமையற்கட்டை ஆண்ட ஜெயம்மா. யார் வைத்த குழம்பிலும் குற்றம் காணாமல் சாப்பிட்டதில்லை அவள். துரைசாணி அம்மாள் விருந்தில்கூட முகத்தைச் சுளித்தவள்.

"நேத்து என்னடி குழம்பு?"

ஜெயம்மாவின் கண் முதலில், அவர்களுக்குப் பின்னால் நின்ற விடுதி மேற்பார்வைக்கார அம்மாளிடம் போய்த் திரும்பியது. "நல்ல குழம்புதான், மேட்ரனம்மா. இங்க ஒரு குறையும் இல்ல."

டிராமில் ஏறியதும் விக்டோரியா, "வேற இடம் பார்ப்போம்," என்றாள்.

அடுத்த வாரம், யாருக்கும் சொல்லாமல், சரியாகச் சாப்பாட்டு வேளை பார்த்து, மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த சிறு விடுதிக்கு மரியபுஷ்பத்தை இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் வரவேற்க ஆளில்லை. உள்ளேயிருந்து ஒரு கிழவரின் குரல் மட்டும் வந்தது.

"இது குழம்பா, ஐராவதித் தண்ணியா?" கத்தியவர் தேவநேசன், பழைய ரயில்வே கார்டு.

"புளி நாளைக்குத்தான் வரும், அண்ணே. இன்னைக்கு ஆத்துத் தண்ணியே குடிங்க!" அடுக்களையிலிருந்து பதில் சொன்னவள், விடுதியை நடத்திவந்த பர்மாக்காரி டோ மியா. தமிழர்கள் நடுவே வளர்ந்தவள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே ரயில் போயிற்று, தட்டுகள் கிடுகிடுத்தன. கூரையில் மழை ஒழுகிய கறை.

"இங்க ரொம்ப நாளாப் படுக்கையில இருக்கிறது யாரு?" என்று விக்டோரியா கேட்டாள்.

டோ மியா கையைத் துடைத்தபடி பின்னறைக்கு அழைத்துப் போனாள். வாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன ஒரு கிழவி படுத்திருந்தாள். விக்டோரியா அனுமதி கேட்டு அவளைப் புரட்டி முதுகைப் பார்த்தாள், புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. தண்ணீர்க் குவளை இடக்கைக்கு எட்டும்படி வைத்திருந்தது. அந்தக் குவளையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். போர்டிங்கில் புதிதாக வேலைக்கு வருகிறவளிடம் அவள் சொல்வதுண்டு: ஓடியாடுகிற பிள்ளையை யாரும் பார்த்துக்கொள்ளலாம், காய்ச்சல்காரப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று காட்டு.

"பெரியம்மா, அங்க எவ்வளவு சுத்தம்! இங்க கூரையே ஒழுகுது," என்றாள் மரியபுஷ்பம், வெளியே வந்ததும்.

"ஒழுகட்டும். ஒழுகுதுன்னு சத்தம் போட்டுச் சொல்லலாம் பாரு."

கிறிஸ்துமஸுக்கு முன்பே விக்டோரியா தன் பெட்டியோடு அங்கே வந்துவிட்டாள். வந்த கையோடு கியாக்டடாவுக்குப் போய் ஜெயம்மாவையும் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். மேற்பார்வைக்கார அம்மாள் ஆட்சேபிக்கவில்லை, அந்தக் கட்டிலுக்குக் காத்திருந்தவர்கள் பலர். முதல் சில வாரம் ஜெயம்மா வாய் திறக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். "தள்ளு மியா," என்று கரண்டியைப் பிடுங்கினாள். கூடத்தில் தேவநேசன் கைதட்டினார். விக்டோரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெடுநாளைக்குப் பின் வயிறாரச் சாப்பிட்டாள்.

எல்லாம் இனித்ததாகச் சொல்ல முடியாது. ரயில் சத்தம் அவள் தூக்கத்தைத் தின்றது. பின்னறைக் கிழவி அடுத்த குளிர்காலத்தைக் காணவில்லை. விக்டோரியாதான் அவளைக் குளிப்பாட்டிப் புடவை உடுத்திவிட்டாள்.

அதையடுத்த ஈஸ்டருக்கு மாந்தலேயிலிருந்து வந்த மரியபுஷ்பம், கட்டில் மேல் உட்கார்ந்து கிழிந்த கொசுவலை தைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கண்டு கலங்கிப்போனாள். "உங்க தலையெழுத்தா இது? இப்பவே என்கூடக் கிளம்புங்க."

"இப்பவா? நல்லாச் சொன்னே," என்றாள் விக்டோரியா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "இன்னும் பாதி வலை கிடக்கு. மழைக்கு முன்னாடி முடிச்சாகணும். அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடி."