ஆளைப் பார்த்துவிட்டு அழி

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டபோது தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாட்ச்மேன் போன் செய்தார். "தாசு, நம்ம ஜெபராணி சிஸ்டர் போயிட்டாங்கப்பா. நெஞ்சு வலி." வண்டிப்பெரியாரில் ரத்தம் தேடி அலைந்த உங்களில் பலருக்கு அந்த நர்ஸைத் தெரிந்திருக்கும்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை நாங்கள் இருவரும்தான் பராமரித்தோம். அது என் டிடிபி கடைக் கணினியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பூட்டு, பட்டியலுக்கும் பூட்டு. ஜெபராணி அக்காதான் பிடிவாதமாக, கோயம்புத்தூரில் ஒரு சர்வரில் வாடகைக்கு இடம் பிடித்து, என் கணினியை அதோடு இணைக்க வைத்தார். பிறகு எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் பட்டியலைப் போனில் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த சர்வர், தனக்குத் தெரிந்த இணைய முகவரியிலிருந்து வரும் கணினியை மட்டுமே பட்டியலைத் திருத்த விடும். இங்கே கரண்ட் போய் வந்தால் எங்கள் முகவரி மாறிவிடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் அக்கா சர்வர்காரர்களுக்குப் போன் போடுவார்: "சார், நேத்துப் பேசுன அதே ஆளுங்கதான். அட்ரஸ்தான் மாறிருச்சு, நாங்க மாறல."

அப்புறம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தோட்டத்தில் ஒரு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் தேனிப் பக்கம் போய்விட்டதாக யாரோ சொல்ல, அந்த முப்பது பெயர்களையும் என் திரையிலிருந்து அழித்தேன். என்னிடம் இருப்பது வெறும் நகல் என்ற நினைப்பு. இணைத்த பிறகு நகல் ஏது? சர்வரிலும் போய்விட்டது. அந்த வாரமே பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. பட்டியலில் ஒருவர்கூட இல்லை. அக்காவுக்கு மட்டும் அந்த லயத்துச் சேவியரின் ஞாபகம் வந்தது. வழியில் வந்த ஒரு ஜீப்பை மறித்து ஏறிப் போனார். தேனிக்குப் போனதாகச் சொல்லப்பட்ட சேவியர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவரைக் கையோடு கூட்டி வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாக ஏறினார். முப்பது பேரில் ஏழு பேர்தான் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். "திரையப் பாத்து யாரையும் அழிக்காதப்பா. ஆளப் பாத்துட்டு அழி. அதுக்காக இல்லாத ஆளயும் வச்சிருக்காத, ரத்தத்துக்கு அலையுறவங்க வெறும் நம்பருக்குப் போன் போட்டுக்கிட்டு நிப்பாங்க," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு வழக்கம்தான்.

அடக்கம் முடிந்து கடைக்கு வந்தேன். கரண்ட் போய் வந்திருந்தது, சர்வர் உள்ளே விடவில்லை. நானே போன் போட்டேன். "எப்பவும் அந்த அக்காதானே பேசுவாங்க?" என்றார் எடுத்தவர். விஷயத்தைச் சொன்னேன். புது முகவரியைச் சேர்த்துக் கொடுத்தார்.

பட்டியல் திறந்தது. ஜெபராணி, பி பாசிட்டிவ். ஆளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அழித்தேன்.