உலுருவில் ஏறிய நாள்

உலுருவில் ஏறுவதை இந்த ஆண்டோடு நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தியை, நாங்கள் குடியிருக்கும் பிளாக்டவுனில் மீன் வாங்க நின்றபோது கைபேசியில் படித்தேன். அன்றைக்கே பள்ளி விடுமுறைக்கு மூன்று விமான டிக்கெட் எடுத்தேன். இருபது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருந்தும் அதன் நடுப் பாலைவனத்திலுள்ள அந்தச் சிவப்புப் பாறையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மூடுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

இறங்கிய மாலையே பக்கத்திலுள்ள காட்டா ஜூட்டாவுக்குப் போனோம். வெறும் மணல்வெளியிலிருந்து செங்குன்றுகள் தோளோடு தோள் உரசி எழும்பி நின்றன. அவற்றின் இடுக்கில் நடந்தபோது காற்று மட்டும் எங்களோடு வந்தது. மனைவி தன்னை அறியாமலே கும்பிட்டாள். பதினான்கு வயது மகள் ஒவ்வொரு அறிவித்தல் பலகையின் முன்னாலும் நின்று கடைசி வரி வரை வாசித்தாள். "கெதியா வா பிள்ளை" என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் காலை உலுருவின் அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம். பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலியைப் பிடித்தபடி எறும்புச்சாரையாக ஆட்கள் ஏறினார்கள். ஏறும் இடத்திலேயே ஒரு பலகை: இது எங்களுக்குப் புனிதமான இடம், ஏறாதீர்கள் என்று அந்த நிலத்துக்குரிய பழங்குடி மக்கள் கேட்டிருந்தார்கள். மகள் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரேல்ல அப்பா. நீங்களும் ஏற வேண்டாம். ப்ளீஸ்."

"எல்லாரும் ஏறுகினம்தானே. அரசாங்கமே இன்னும் விட்டிருக்கு."

"ஆமிக்காரர் சப்பாத்தோட உங்கட ஊர்க் கோயிலுக்குள்ள வந்தவங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னது உண்மைதான். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை, ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

"அது வேற, இது வேற" என்றேன்.

என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை. மனைவி என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, விடுங்கோவன்" என்றாள். நான் சங்கிலியைப் பிடித்துவிட்டேன்.

மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது. காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. உச்சியில் நின்று படம் எடுத்தேன். நாலு பக்கமும் சிவப்பு மண், தூரத்தில் நேற்றுப் பார்த்த குன்றுகள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் காலையிலிருந்து குடித்த தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மேலே கழிப்பறை கிடையாது. ஒரு பள்ளத்துக்குள் ஒதுங்கினேன். எனக்கு முன்னரும் ஆட்கள் ஒதுங்கியிருந்த மணம் அங்கே இருந்தது.

இறங்கி வந்ததும் பாறையின் அடியோரமாக நடந்து ஒரு சுனைக்குப் போனோம். அந்தப் பாலைவனத்தில் அப்படியொரு குளிர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. மகள் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு பலகையை வாசித்து, பாறை உச்சியில் பெய்யும் மழைதான் வழிந்து இங்கே நிறைகிறதாம், மிருகங்கள் குடிப்பது இதைத்தானாம் என்று தாய்க்குச் சொன்னாள். திரும்பி என்னைக் கேட்டாள்:

"மேல டொய்லெட் இருக்கா அப்பா?"

"இல்ல."

"அப்ப ஆக்கள் என்ன செய்யிறவை?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி உச்சியில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். அதைப் பார்த்து மகள் சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் கதைகளைத் தாயிடம் மட்டும் சொல்லத் தொடங்கினாள். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். படிக்க மெல்பேர்னுக்குப் போகும்வரை அப்படியேதான் இருந்தாள்.

போன வருடம் மனைவியும் நானும் மட்டும் மறுபடி உலுருவுக்குப் போனோம். சங்கிலியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் கால்கள் தேய்த்த தடம் வெளிறிய கோடாக அடிவாரத்திலிருந்து மேலே போகிறது. கார் நிறுத்துமிடத்தில் நின்று மகளுக்கு அழைத்தேன். ஒதுங்கியதையும் பொய் சொன்னதையும் சொன்னேன். "சொறி அம்மா" என்றேன்.



"எனக்கு ஏன் சொல்றீங்கள் அப்பா? எனக்கில்ல, அந்த இடத்து ஆக்களுக்கெல்லோ சொல்ல வேணும்." பிறகு, "கிளாஸ் இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

பாறைக்குப் பக்கத்திலிருந்த, அந்தப் பழங்குடி மக்களின் பண்பாட்டு நிலையத்துக்குப் போனேன். அந்த இடத்துக்குரிய வயதான பெண் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஓவியத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு "குட் மோர்னிங்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.